உங்களுக்குத் தெரியுமா? கைமாறிக் கைமாறிப் பிழைத்த ஆல்பங்கள்

நல்ல ஆல்பம் ஒன்று மாட்டிவிட்டால், கேட்டோம் முடிந்தது என்று இருக்க முடியாது. யாரையாவது பிடித்து உட்காரவைத்துப் போட்டுக் காட்டியாக வேண்டும். கம்பெனிகள் கைவிட்ட எத்தனையோ இசைத்தட்டுகள் இன்று நம் காதுவரை வந்து சேர்ந்திருப்பதற்கு இந்தக் குணம்தான் காரணம். விற்காமல் முடங்கியவை, அச்சில் நின்றுபோனவை, தடை செய்யப்பட்டவை என்று எல்லாவற்றையும் காப்பாற்றியது ரசிகர்களின் கைதான். அப்படிப் பிழைத்தவற்றைப் பற்றிய துணுக்குகள் இந்த முறை.

*

1977-இல் வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் தங்கமுலாம் பூசிய செம்பு இசைத்தட்டு ஒன்று ஏறியது. அதில் இடம்பெற்ற ஒரே இந்திய இசை, கேசர்பாய் கேர்க்கர் பைரவி ராகத்தில் பாடியது. மூன்றரை நிமிடம்தான். அதைப் பரிந்துரைத்தவர் யார் தெரியுமா? ராபர்ட் பிரவுன் என்ற அமெரிக்கர். மிருதங்கத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். பாலசரஸ்வதியின் தம்பிகள் டி. ரங்கநாதனும் டி. விஸ்வநாதனும் பாடம் நடத்திய வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் இசைக்கு இடம் போட்டுக் கொடுத்தவர். கர்நாடக இசையிலேயே ஊறிய ஒருவர், விண்வெளிக்கு அனுப்ப ஒரு பாட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டபோது ஓர் இந்துஸ்தானிப் பாடகியின் பெயரைச் சொல்லியிருக்கிறார். உண்மையான ரசிகன் இப்படித்தான் இருப்பான்.

சொல்லியாயிற்று, தட்டு கிடைக்க வேண்டுமே! அது அச்சில் நின்று வெகுநாள் ஆகியிருந்தது. வாயேஜர் தட்டுக்கான இசையைத் தேர்ந்தெடுத்த கார்ல் சேகனின் குழுவில் இருந்த ஆன் ட்ரூயன் நியூயார்க் முழுக்க அலைந்திருக்கிறார். கடைசியில் லெக்சிங்டன் அவென்யூவில் ஓர் இந்தியக் குடும்பம் நடத்திய மின்சாதனக் கடையில், ஒரு மேசைக்கு அடியில் கிடந்த பழுப்பு அட்டைப்பெட்டிக்குள், உறைகூடப் பிரிக்காமல் மூன்று தட்டுகள் இருந்தன. வாயேஜர் 1 செப்டம்பர் 5-ஆம் தேதி கிளம்பியது. அதே மாதம் 16-ஆம் தேதி கேசர்பாய் காலமானார். அவர் குரல் இப்போது 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் போய்க்கொண்டிருக்கிறது.

*

அதே வெஸ்லியனில்தான் ஜான் மெக்லாக்லின் என்ற ஆங்கிலேய கிதார் கலைஞர் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார். அவரோடு எல். சங்கர் வயலினும் ஜாகிர் உசேன் தபலாவும் விக்கு விநாயக்ராம் கடமும் ராம்நாட் ராகவன் மிருதங்கமும் சேர, 1975 ஜூலையில் ஒரு கல்லூரி மேடையில் நேரடியாகப் பதிவானதுதான் ‘சக்தி’ குழுவின் முதல் ஆல்பம். 1976-இல் வெளிவந்தது. வீணையின் கமகம் கிதாரில் பேச வேண்டும் என்பதற்காக, ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கி, ஒத்ததிரும் தந்திகளைக் குறுக்கே ஓடவிட்டு, அதற்கென்றே ஒரு கிதாரைச் செய்துகொண்டார் மெக்லாக்லின்.

அன்றைய ராக் ரசிகர்கள் பலருக்கு அந்த ஆல்பம் எட்டவில்லை. மின்கிதாரில் இடி முழக்கியவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தது அவர்களுக்குப் புரியவில்லை. மூன்று ஆல்பங்களோடு குழு கலைந்தது. ஆனால் அந்த மூன்றையும் இசை படிக்கிற பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2024-இல், மீண்டும் கூடிய ‘சக்தி’யின் புதிய ஆல்பமான ‘திஸ் மொமென்ட்’ கிராமி வாங்கியபோது மேடையில் நின்றவர்களில் ஒருவர் வி. செல்வகணேஷ். விக்கு விநாயக்ராமின் மகன்.

*

78 வேகத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான். நீண்ட நேரம் ஓடும் எல்.பி.யை 1948 ஜூன் 21 அன்று நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனி அறிமுகப்படுத்தியபோது, நிருபர்கள் முன்னால் 78 தட்டுகளை எட்டடி உயரத்துக்கு அடுக்கி வைத்தார்கள். பக்கத்தில் அதே இசை அடங்கிய எல்.பி. அடுக்கு, சுமார் 15 அங்குலம். விளக்கமே தேவைப்படவில்லை.

*

ஒரு எல்.பி.யின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு வரிப்பள்ளம். வெளி விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே போகிறது. 22 நிமிடம் ஓடும் பக்கத்தில் அதைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 450 மீட்டர் வரும். தட்டு ஒரே சீராகத்தான் சுழல்கிறது. ஆனால் விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்கு அரை மீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிள் பக்கத்தில் அதில் பாதிகூட இல்லை. அதனால் உள்வட்டத்தில் ஓசையின் நுணுக்கம் கொஞ்சம் மங்கும். ஆரவாரமான பாட்டை முதலில் வைத்து, மெல்லிய பாட்டைப் பக்கத்தின் கடைசியில் வைக்கிற வழக்கத்துக்கு ரசனை ஒரு காரணம் என்றால், இந்தப் பௌதிகம் இன்னொரு காரணம். உங்களுக்குப் பிடித்த பழைய எல்.பி.யின் பாட்டு வரிசையை ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

*

1940 வரை அமெரிக்காவில் இசைத்தட்டுகள் பழுப்புக் காகித அட்டையில்தான் விற்றன. உறையில் படம் போடலாம் என்று கொலம்பியாவை இணங்கவைத்தவர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ். அப்போது அவருக்கு 23 வயது. நண்பர் வீட்டு அலமாரியில் உறையைப் பார்த்தே ஒரு ஆல்பத்தை உருவி எடுக்கிற சுகத்தை நமக்குக் கொடுத்தவர் அவர்தான்.

*

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் நீளம். ஆல்பங்களைத் தேடித் திரிகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய கதை கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் சிக்ஸ்டோ ரோட்ரிகஸ் என்றொரு பாடகர். 1970-இல் ‘கோல்ட் ஃபாக்ட்’, 1971-இல் ‘கமிங் ஃப்ரம் ரியாலிட்டி’ என்று இரண்டு ஆல்பங்கள் போட்டார். இரண்டும் அமெரிக்காவில் விலைபோகவில்லை. கம்பெனி கைவிட்டது. மனிதர் கட்டடம் இடிக்கிற வேலைக்கும் வீடு புதுப்பிக்கிற கூலி வேலைக்கும் போனார்.

கடல் தாண்டித் தென்னாப்பிரிக்காவில் நடந்ததோ வேறு. நிறவெறி ஆட்சி நடந்த காலம். எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்த ‘கோல்ட் ஃபாக்ட்’ நண்பர்கள் கையில் கேசட் கேசட்டாகப் பெருகியது. கட்டாய ராணுவ சேவைக்குப் போன பையன்கள்கூட முகாமில் அதைக் கேட்டார்கள். அரசு வானொலியின் நூலகத்தில் இருந்த தட்டில், ஒலிபரப்பக் கூடாத பாட்டின் மேல் ஆணியால் கீறியதுபோலக் கோடு இழுத்து வைத்திருந்தார்கள். பாடியவர் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. மேடையிலேயே தற்கொலை செய்துகொண்டார் என்று ஒரு வதந்தி மட்டும் ஊரெல்லாம் சுற்றியது.

1996-இல் இரண்டாவது ஆல்பம் அங்கே சிடியாக வந்தபோது, உறைக்குறிப்பு எழுதியவர் ஸ்டீஃபன் செகர்மன் என்ற ரசிகர். இந்த மனிதரைத் தேடிக் கண்டுபிடிக்க இசைத் துப்பறிவாளர் யாராவது இருக்கிறீர்களா என்று அதிலேயே ஒரு கேள்வியைப் போட்டு வைத்தார். அதைப் படித்துவிட்டுக் கிளம்பினார் பத்திரிகையாளர் கிரேக் பார்தலோமியூ. பாட்டு வரிகளில் வந்த ஊர்ப்பெயர்களையே துருவித் துருவிப் பார்த்ததில் டியர்போர்ன் என்ற பெயர் கண்ணில் பட்டது. டெட்ராய்ட்டை ஒட்டிய ஊர். நூல் பிடித்துப் போனால் 1997-இல் ஆளே கிடைத்துவிட்டார்! உயிரோடு, அதே டெட்ராய்ட்டில், அதே கூலி வேலையில். மறு ஆண்டு தென்னாப்பிரிக்காவில் அவர் மேடை ஏறியபோது அரங்குகள் நிரம்பி வழிந்தன. தன் பாட்டுகளைத் தனக்கு முன்னால் கூட்டம் பாடுவதை அவர் அங்கே பார்த்தார்.

இந்தக் கதையை வைத்து மாலிக் பென்ஜலூல் எடுத்த ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ ஆவணப்படம் 2013-இல் ஆஸ்கர் வாங்கியது. கையில் காசு தீர்ந்துபோய்ச் சில காட்சிகளை அவர் செல்போனில் எடுத்தார். படம் சொல்லாமல் விட்ட ஒன்றும் உண்டு: 1979-லும் 1981-லும் ரோட்ரிகஸ் ஆஸ்திரேலியாவுக்குப் போய்க் கச்சேரி செய்திருக்கிறார். அங்கேயும் அவரை வளர்த்தது இப்படிப்பட்ட ரசிகர்கள்தான். ரோட்ரிகஸ் 2023 ஆகஸ்டில், 81-ஆம் வயதில் மறைந்தார்.

*

எக்ஸ்ரே படத்தில் பாட்டுக் கேட்டவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு சோவியத் லெனின்கிராடில் மேலைநாட்டு ஜாஸும், நாட்டைவிட்டுப் போன ருஷ்யப் பாடகர்களின் பாட்டும் தடைப் பட்டியலில் இருந்தன. ருஸ்லான் பகஸ்லோவ்ஸ்கி என்ற இளைஞர் தட்டு வெட்டும் இயந்திரம் ஒன்றைத் தானே செய்தார். பதிக்க வெற்றுத்தட்டு கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிகள் கழித்துப்போட்ட எக்ஸ்ரே ஃபிலிம்கள் கிடைத்தன. கத்தரிக்கோலால் வட்டமாக நறுக்கி, நடுவே சிகரெட்டால் சுட்டு ஓட்டை போட்டு, அதில் பாட்டைப் பதித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் விலா எலும்பு தெரியும். ஊசியை வைத்தால் ஜாஸ் கேட்கும். தெருமுனையில், கோட்டின் கைக்குள் சுருட்டி மறைத்துக் கொடுத்தார்கள். சில முறை ஓடினாலே தேய்ந்துபோகும். பகஸ்லோவ்ஸ்கி இதற்காகப் பலமுறை சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் மறுபடி வெட்டினார்.

*

1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்கள் ஏறக்குறைய ஒழிந்தன. அந்த இடைவெளியில் இந்தியா முழுவதும் ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பியது. விவித் பாரதி 1957 அக்டோபரில் வந்த பிறகும் தமிழ்நாட்டில் பலர் இலங்கை வானொலியைவிட்டு நகரவில்லை. அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனனும் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பாட்டை மட்டும் போடவில்லை; இதை விரும்பிக் கேட்டவர்கள் இன்ன ஊரிலிருந்து இன்னார் இன்னார் என்று பெயர்களை அடுக்கினார்கள். முன்பின் தெரியாத பத்துப்பேர் ஒரே பாட்டுக்காக ஒரே மூச்சில் சொல்லப்பட்டார்கள். நம் பாட்டை விரும்புகிற இன்னொருவர் வேறு ஊரில் இருக்கிறார் என்பதை அஞ்சலட்டை ஒன்றின் விலையில் தெரிந்துகொண்டோம். படம் வந்த சுவடே இல்லாமல் போன பல பாடல்கள் நம் நினைவில் தங்கியதற்கு அந்த நிலையம் ஒரு பெரிய காரணம்.

*

கேசட்டை பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் காட்டியது. உருவாக்கிய குழுவின் தலைவர் லூ ஓட்டன்ஸ், டச்சுக்காரர். நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகம். சி-60 என்றால் பக்கத்துக்கு அரைமணி. சி-90 என்றால் முக்கால் மணி.

இந்தக் கணக்கு எண்பதுகளில் தமிழ்நாட்டில் பள்ளிப் பையனுக்கும் அத்துப்படி. ஊருக்கு நாலு ரெக்கார்டிங் சென்டர் இருந்த காலம். தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்துவிட்டு, வெற்றுக் கேசட்டையும் கொடுத்துவிட்டு வரவேண்டும். இரண்டு நாள் கழித்துப் போனால் பதிவு ரெடி. ஏ சைடு கடைசியில் இரண்டு நிமிடம் மிச்சம் விழுந்தால், பாட்டைப் பாதியில் வெட்டாமல் ஏதாவது வாத்திய இசையைப் போட்டு நிரப்பித் தருகிற கடைக்காரர்களுக்குத் தனி மரியாதை. “அண்ணே, நீங்களே ஒண்ணு பார்த்துப் போட்டு விடுங்க” என்று விட்டுவிட்டால் அவர் போடுகிற அந்த ஒரு பாட்டு, பல சமயம் நாம் எழுதிக் கொடுத்த பன்னிரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

கேசட்டின் மேல்விளிம்பில், இரு முனையிலும் சின்னப் பிளாஸ்டிக் பல் ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் ரெக்கார்ட் பட்டன் அழுந்தாது, பதிந்தது அழியாது. திரும்பப் பதிய வேண்டுமா? அந்தக் குழியில் செல்லோடேப் ஒட்டினால் போதும். பல் உடைந்த கேசட் ஒன்றை நண்பன் நீட்டினான் என்றால், அது அவன் உயிருக்கு நிகரானது என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் ஒரு கேசட்டில் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் வேறொரு படம் என்று கம்பெனிகளே சேர்த்து வெளியிடும். வெள்ளிவிழாப் படத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது ஒரு வாரம்கூட ஓடாத படமாக இருக்கும். தியேட்டரில் யாரும் பார்க்காத படத்தின் பாட்டு வீடுவீடாக மனப்பாடம் ஆனது இப்படித்தான். இளையராஜா ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு பெரும்பாலும் அந்த பி பக்கங்களில்தான் போய் நிற்கும்.

*

1979 ஜூலை 1-ஆம் தேதி ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் வாக்மேனில் ஹெட்போன் மாட்ட இரண்டு துளைகள் இருந்தன. தனியாகக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பது பக்கத்தில் இருப்பவரை அவமதிப்பதாகுமே என்று சோனியின் அகியோ மோரிடா கவலைப்பட்டார். அதனால் இருவர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகள். கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பாட்டு தணிந்து, இருவரும் மைக்கில் பேசிக்கொள்ளலாம். பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பொத்தான் காணாமல் போனது. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

*

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ 1986-இல் வந்தது. தியாகராஜருக்கும் பாஹ்வுக்கும் சமர்ப்பணம். சினிமா இல்லை, பாட்டு வரி இல்லை, வெறும் வாத்தியம்; தனி வயலின் வி.எஸ். நரசிம்மன். இரண்டு ஆண்டு கழித்து ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’. திரைப்பாட்டே எல்லாமாக இருந்த ஊரில் இவை இரண்டும் சிபாரிசில்தான் பரவின. கேட்டவர் கேட்காதவருக்குக் கொடுத்தார்.

‘ஹவ் டு நேம் இட்?’ இசையைத்தான் பாலுமகேந்திரா தன் ‘வீடு’ படத்துக்குப் பின்னணி இசையாக எடுத்துக்கொண்டார். பாடலே இல்லாத படம். பாதி கட்டி நிற்கும் சுவர்களுக்கு நடுவே அந்த வயலின் வருவதைப் படத்தில் கேட்டுவிட்டு, பிறகு ஆல்பத்தை எடுத்துத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். ஒரே இசை இரண்டு வெவ்வேறு பொருள் தருகிறது. எதை முதலில் கேட்கச் சொல்வது என்று என்னிடம் கேட்டால், ஆல்பம்தான் முதலில்.

*

மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, 1959. ஜாஸ் கேட்கத் தொடங்குகிறவர் கையில் முதலில் வைக்கப்படும் ஆல்பம். அதன் முதல் மூன்று உருப்படிகளும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுருதி சற்று ஏறியே ஒலித்து வந்தன. மார்ச் 2 அன்று பதிவு செய்த டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி கூடத்தானே செய்யும்! தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகிய கலைஞர்கள் தங்கள் வாத்தியத்தைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். அதே நாளில் பாதுகாப்புக்காக இன்னொரு இயந்திரமும் ஓடியது. அந்த நாடாவில் வேகம் சரியாக இருந்தது. 1992 மறுவெளியீட்டில்தான் திருத்தம் வந்தது. பழைய தட்டும் புதிய பதிப்பும் வைத்திருப்பவர் பக்கத்தில் இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்.

*

ஜப்பானில் ‘ஜாஸ் கிஸ்ஸா’ என்று காபிக் கடைகள் உண்டு. வெளிநாட்டு எல்.பி. வாங்குவது சாமானியனுக்குக் கட்டுப்படியாகாத காலத்தில், ஒரு காபியின் விலைக்கு அங்கே உட்கார்ந்து முழு ஆல்பம் கேட்கலாம். பேசக் கூடாது என்று விதி வைத்த கடைகளும் இருந்தன. யோகோஹாமாவின் ‘சிகுசா’ 1933-இல் திறந்தது. சேர்த்து வைத்த ஆயிரக்கணக்கான தட்டுகளைப் போரின் குண்டுவீச்சில் இழந்தும், உரிமையாளர் யோஷிதா மமோரு மறுபடி ஒவ்வொன்றாகச் சேர்த்தார். பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷியும் சாக்ஸபோன் கலைஞர் சதாவோ வதனாபேயும் இளம் வயதில் அங்கே உட்கார்ந்து தட்டுகளைக் கேட்டுக் கேட்டுக் கற்றவர்கள். நாவலாசிரியர் ஹருகி முரகாமியும் எழுத்தாளராவதற்கு முன்னால் ‘பீட்டர் கேட்’ என்ற பெயரில் ஜாஸ் கடை நடத்தியவர்தான்.

2010-இல் லண்டனில் கொலீன் மர்ஃபி ‘கிளாசிக் ஆல்பம் சண்டேஸ்’ என்று தொடங்கியதும் இந்த வழிதான். ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள். ஆல்பத்தின் கதையைச் சொல்கிறார்கள். போனை அணைத்துவிட்டு முதல் வரிப்பள்ளத்திலிருந்து கடைசிவரை வாய் திறக்காமல் கேட்கிறார்கள்.

*

மும்பைத் திரையுலகில் வாத்தியக் கலைஞராக இருந்த சரண்ஜித் சிங், 1982-இல் ரோலண்ட் சின்தசைசர்களை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு எல்.பி. போட்டார். எச்.எம்.வி. வெளியீடு. யாரும் சீண்டவில்லை. 2002-இல் எடோ பௌமன் என்ற டச்சு ரசிகர் டெல்லியில் அந்தத் தட்டை வாங்கிக் கேட்டுத் திகைத்துப்போனார். 1987-இல் சிகாகோவில் பிறந்ததாகச் சொல்லப்படும் ‘ஆசிட் ஹவுஸ்’ இசையின் ஓசை, ஐந்தாண்டு முந்திய இந்த ராகத் தட்டில் இருந்தது! 2010-இல் அவரே மறுவெளியீடு செய்தார். சரண்ஜித் சிங் எழுபதைத் தாண்டிய வயதில் ஐரோப்பிய மேடைகளில் அந்த ராகங்களைத் திரும்ப வாசித்தார். 2015-இல் காலமானார்.

*

ஹைலு மெர்கியா, எத்தியோப்பியர். 1981-இல் தன் குழுவோடு அமெரிக்கா போனவர் அங்கேயே தங்கி, வாஷிங்டன் விமான நிலையத்தில் டாக்சி ஓட்டினார். சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் டிக்கியிலிருந்து கீபோர்டை எடுத்துச் சாதகம் செய்வார். 1985-இல் அவர் தனியாகவே அக்கார்டியனும் கீபோர்டும் வாசித்துப் பதிந்த ஒரு கேசட் எத்தியோப்பியாவில் விற்று ஓய்ந்துபோனது. பல ஆண்டு கழித்து பஹிர் தார் நகரத்துக் கடையொன்றில் அது பிரையன் ஷிம்கோவிட்ஸ் என்ற ஆப்பிரிக்கக் கேசட் சேகரிப்பாளர் கண்ணில் பட்டது. தேடிப் பிடித்து, 2013-இல் மறுவெளியீடு. 2018-இல் மெர்கியா புத்தம்புது ஆல்பமே போட்டார்.

*

‘கிரேட்ஃபுல் டெட்’ ராக் குழு, தங்கள் கச்சேரியை ரசிகர்கள் பதிவு செய்துகொள்ளட்டும் என்று 1984-இலிருந்து அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. பதிந்ததை விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம். வெற்றுக் கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் முகம் தெரியாதவர்கூடப் பிரதி எடுத்து அனுப்புவார். 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரி இப்படியே நாற்பது ஆண்டு சுற்றியது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்த பிறகுதான், 2017-இல், முறையான ஆல்பமாக வந்தது.

*

ஆங்கிலப் பாடகி வாஷ்டி பன்யன் 1970-இல் ஒரே ஒரு ஆல்பம் போட்டார். யாரும் வாங்கவில்லை. பாட்டையே விட்டுவிட்டுக் கிராமத்தில் பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் வளர்த்தார். தன் தட்டை முன்பின் தெரியாதவர்கள் தேடி அலைகிறார்கள் என்று தொண்ணூறுகளின் கடைசியில்தான் அவருக்குத் தெரியவந்தது. 2000-இல் மறுவெளியீடு. 2005-இல் இரண்டாவது ஆல்பம். நடுவில் 35 ஆண்டு இடைவெளி.

*

பரணில் எல்.பி. கிடக்கிறதா? முதலில் படுக்கைவாட்டில் அடுக்கியிருப்பதை நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் வளையும். எடுக்கும்போது விரல் விளிம்பிலும் நடு லேபிளிலும் மட்டும் பட வேண்டும். வரிப்பள்ளத்தில் பட்டால் விரலின் எண்ணெய்ப்பசை தூசியைப் பிடித்துக்கொள்ளும். வெயில் படுகிற ஜன்னலோரம் ஆகவே ஆகாது.

பிறகு, பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வழவழவென்று இருக்கிற வளையத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கையால் கீறிய எண்ணும் எழுத்தும் தெரியும். எந்த மூலத்தட்டிலிருந்து அச்சானது என்பதற்கான அடையாளம் அது. சில சமயம் தட்டை வெட்டியவர் தன் கையெழுத்தையே விட்டுப் போயிருப்பார். இங்கிலாந்தின் ஜார்ஜ் பெக்கம் தான் வெட்டிய தட்டுகளில் ‘போர்க்கி’ என்று தன் செல்லப்பெயரைக் கீறி வைப்பார். அதற்காகவே அவர் வெட்டியவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் தட்டிலும் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பூதக்கண்ணாடியைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள்.